படத்தில் நின்ற டொக்டர்

14 செப்டம்பர் 1974, சனி. மெல்பேர்ண்.

பக்கத்து வீட்டு மிஸிஸ் மக்கே, ஸ்கொட்லாந்தில் தான் பிறந்த ஊருக்குப் போய் எடுத்துவந்த ஸ்லைட் படங்களை இன்று மாலை திரையில் போட்டுக் காட்டினார். மரமே இல்லாத மலை, ஒரேயொரு தெரு, மழையில் நனையும் ஆடுகள். மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த படத்தில், கல் மதிலில் சாய்ந்தபடி என் மகன் நேசன் நின்றான்.

“இவர்தான் எங்கள் டொக்டர். உங்கள் நாட்டுக்காரர். பனி கொட்டினாலும் வீடு தேடி வருவார். தாய் தகப்பன் இல்லாதவராம், பாவம்,” என்றார் மிஸிஸ் மக்கே.

நாங்கள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. “வடிவான இடம்,” என்று மட்டும் சொல்லி, அந்தப் படத்தை இரவல் வாங்கிக்கொண்டாள் என் மனைவி மங்களம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: “ஆறு வருசமாக் கடிதம் இல்லை. இப்ப நாங்கள் செத்துப்போனமெண்டு சொல்லித் திரியிறான். அவனுக்கு நாங்கள் என்னப்பா செய்தனாங்கள்?”

“நன்றி கெட்டவன்,” என்றேன்.

அவனை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் தாய் தகப்பன் இல்லை என்ற அந்த வசனம் அவனுடையதன்று. அவன் வெள்ளைக்காரியை மணந்தபோது, ‘இன்றிலிருந்து உனக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை’ என்று எழுதியவன் நான். தாயையும் சேர்த்தே எழுதினேன், அவளைக் கேட்கவில்லை. அப்படியொரு கடிதம் போனதே அவளுக்குத் தெரியாது.

படுக்கையறையில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது. அந்தச் சின்னப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இஞ்ச வாங்கோப்பா, பிள்ளை மெலிஞ்சுபோனான் என்ன?” என்று கூப்பிடுகிறாள்.

நான் இன்னும் எழுந்து போகவில்லை.