காய்ச்சல் இல்லை, அக்கா

என் ஆசை அக்கா,

நீ போய் ஒரு வருசமாகியும் கொட்டாஞ்சேனையில் வெக்கை குறையவில்லை. மழை வரும்போல இருட்டிக்கொண்டு வரும், பிறகு ஏமாற்றிவிட்டுப் போகும். துறைமுகப் பக்கம் எழும்பிய மாடிகள் கடற்காற்றையும் மறித்துவிட்டன. எனக்கு இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உனக்கு எழுதினாலாவது மனம் ஆறுமா?

உன் இடியப்ப வேலையை இப்போது அத்தான்தான் செய்கிறார். அதே மேல்மாடி, அதே தகரக் கூரை. சாப்பாட்டுக் கடைக்குப் பின்னேரம் கொடுக்க வேண்டுமென்றால் உச்சி வெயிலில்தானே அடுப்பு மூட்ட வேண்டும்? மேலே தகரம் கொதிக்க, கீழே ஆவி அடிக்க, அவர் நடுவில் நின்று மா பிழிந்தார். ஃபேனைப் போட்டால் அடுப்பு அணைந்துவிடும். நீயும் இதைத்தான் சொல்லிச் சிரிப்பாய். என்ன சிரிப்போ!

போன மாதம் ஒரு மத்தியானம் அத்தான் படியிறங்கி வந்து வாசலில் குந்திவிட்டார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கதைத்த பேச்சும் தடுமாறியது. என்னைப் பார்த்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உன் மாமி தன் மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்றார். இங்கே உடம்பு சுட்டால் காய்ச்சல், காய்ச்சல் என்றால் டெங்கு. யன்னலைச் சாத்து, போர்த்திவிடு, கொத்தமல்லி அவித்துக் கொடு, தண்ணீர் மட்டும் படவிடாதே. போன வருசம் உனக்கும் ஒன்று பிசகாமல் இதைத்தானே செய்தோம்? உன்னைப் போர்த்தியது அத்தான். கால் வெளியே தெரிகிறதென்று இழுத்து இழுத்து மூடினார்.

அவர் மேலும் போர்வை விழுந்ததைப் பார்த்ததும் எனக்கு விசர் வந்துவிட்டது. எதையும் தெரிந்து செய்யவில்லை, அக்கா. இன்னொரு தரம் அதைப் பார்க்க ஏலாது என்ற கோபம் மட்டும்தான். போர்வையை உருவி எறிந்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினேன்.

"காய்ச்சல்காரனுக்குத் தண்ணி வாக்கிறியே, உனக்கென்ன விசரே?" என்று மாமி என் கையைப் பிடித்தார்.

"விசர்தான் மாமி, விடுங்கோ," என்று அடுத்த வாளியையும் ஊற்றினேன். ஈரத்தோடேயே ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் இது காய்ச்சலே இல்லை என்றார். வெயிலும் அடுப்பும் சேர்ந்து உடம்பைக் கொதிக்க வைத்திருக்கிறதாம். குளிர வைத்ததால் தப்பினார், போர்த்தியபடி விட்டிருந்தால் கஷ்டம் என்றார். உன்னுடைய அந்த நாளையும் சொன்னேன். வேர்வை நின்றதா, கதை தடுமாறியதா என்று கேட்டார். ஓம், ஓம் என்றேன். உனக்கு வந்ததும் காய்ச்சல் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

அத்தான் தெளிந்ததும் முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான்.

"பிள்ளை, அவவுக்கு வந்தது காய்ச்சல்தானே?"

ஓம் என்றேன். வேறு எதைச் சொல்ல? நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்?

இப்போது அத்தான் விடியவே இடியப்பம் அவித்துவிட்டு, காலையில் எடுக்கும் கடைகளைத் தேடி அலைகிறார். பின்னேரக் கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். அந்த ஆளும் எங்கேயோ ஒரு தகரத்துக்குக் கீழேதான் நிற்பார். நேற்று முன்வீட்டில் தைக்கிற பெண் மயங்கி விழுந்தாள். அங்கேயும் யன்னலைச் சாத்தினார்கள். ஓடிப்போய்த் திறந்தேன். ஏன் என்று கேட்டார்கள். என் அக்கா இப்படித்தான் செத்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அத்தான் நின்றார். விழுங்கிக்கொண்டேன்.

எத்தனை நாளைக்கு விழுங்குவது? ஊருக்குச் சொல்லாவிட்டால் இன்னும் யாரையோ போர்த்துவார்கள். சொன்னால் அத்தானுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்க முன் நானே அவரிடம் சொல்கிறேன், அக்கா. அவர் அழுதால் கூட இருந்து அழுவேன். தனியே விடமாட்டேன், சத்தியம். போர்த்தும்போது நீ அவர் கையை ஆசையாய்ப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதையும் மறக்காமல் சொல்வேன்.

உனக்குப் பின்னால் பிறந்த
தங்கச்சி