இரும்பு ஆணியும் அலுமினியப் பட்டையும்

குன்னூர்
18-6-1974

தம்பி பழனியாண்டிக்கு மருதாசலம் எழுதிக்கொள்வது.

போன செவ்வாய்க்கிழமை பர்லியார் இறக்கத்தில் நம்ம தேயிலைப் பெட்டி ஏற்றின லாரி கவிழ்ந்தது. டிரைவருக்குக் கையில் சிராய்ப்பு, அதோடு சரி. லாரியில் பாதி நம்ம வழக்கமான பெட்டி. மறுபாதி, நீ பெங்களூருக்குப் போவதற்கு முன்னால் உன் முறையில் அடித்துக் கொடுத்த பெட்டி. என் பெட்டியெல்லாம் வாய் பிளந்து, ரோடு முழுக்கத் தேயிலை. உன் பெட்டி பள்ளத்தில் உருண்டது, மூலை நசுங்கியது, ஆனால் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. எஸ்டேட் மேனேஜர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "மருதாசலம், இனி எங்களுக்கு இந்தப் பெட்டிதான் வேணும்" என்கிறார்.

மேட்டுப்பாளையத்தில் தலைச்சுமையாகத் தகரம் விற்று மலையேறி வந்தவன் நான். எவனையும் சும்மா புகழ்ந்து பழக்கமில்லை. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, என் ஷெட்டில் நின்று பலகையைத் தட்டிப் பார்த்து, "கனம் அதிகமுங்க முதலாளி, பலம் கம்மி" என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது கேட்கிறேன்: என் பெட்டியைவிட மெல்லிசான பலகையை வைத்து எப்படிச் செய்தாய்? சிலோனில், ரத்மலானை ஏரோடிரோமில் பிளேன் ரிப்பேர் பார்த்த கை என்பது தெரியும். அந்தப் பிளேனுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது, எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அதைவிட, திரும்பி வா. எதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் போனாய் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. சம்பளக் குறை என்றால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். என் பொண்ணு மரகதம் ஷெட்டில் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள் வெட்டிக்கொண்டிருக்கிறாள். உன் சுத்தியலை வேறு யாரையும் தொட விடுவதில்லை, தொலைத்துவிடுவார்களாம்.

இப்படிக்கு,
மருதாசலம்


பெங்களூர்
2-7-1974

மரியாதைக்குரிய முதலாளி அவர்களுக்கு பழனியாண்டி வணக்கத்துடன் எழுதுவது.

லாரி விஷயம் படித்து முதலில் பயந்தேன். டிரைவர் அண்ணன் பிழைத்தாரே, அது போதும்.

பிளேனும் நம்ம தேயிலைப் பெட்டியும் ஒரே சாதி என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழைய பெட்டியில் சட்டம்தான் பாரம் தாங்கும், பலகை சும்மா மூடிக்கொண்டிருக்கும். பிளேனில் சும்மா இருக்க எதற்கும் அனுமதி இல்லை. மேலே போர்த்தியிருக்கிற தகடும் பாரம் தாங்க வேண்டும். உடம்புக்குள்ளே வளையம் வளையமாகச் சட்டம், அதன்மேல் நெடுக ஓடுகிற மெல்லிய பட்டைகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற தோல். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வரிசையாக இருக்கும். அந்த விலாவிலும் வட்ட வட்டமாக ஓட்டை போட்டுக் கனத்தைக் குறைத்திருப்பார்கள். ஆணி கிடையாது, இரண்டு பக்கமும் தலை தட்டி இறுக்குகிற ரிவெட்தான், நெருக்கமாக. ஒரு ரிவெட்டில் விழும் பாரத்தைப் பக்கத்து ரிவெட்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும். நம்ம பெட்டிக்கு அதைத்தான் செய்தேன். பலகைக்கு நடுவே ஒரு விலா, ஓரத்தில் அலுமினியப் பட்டை, நெருக்க ரிவெட்.

சுத்த அலுமினியம் விரலால் வளையும். பிளேனுக்குக் கொஞ்சம் செம்பு கலந்து, சூடாக்கி, தண்ணீரில் முக்கி எடுத்துச் சும்மா வைப்பார்கள். வைக்க வைக்கத் தானாக இறுகும். ஆனால் செம்பு கலந்ததால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். அதற்காக மேலே சுத்த அலுமினியத்தை மெல்லிய சட்டை மாதிரி போட்டுவிடுவார்கள்.

ஓட்டுகிறவர் காலால் மிதித்தால் வால் துடுப்பு திரும்புகிறது. நடுவில் இருப்பது ஒரு கம்பிக் கேபிள்தான். அதை முறுக்கேற்ற ஒரு திருகு உண்டு. அந்தத் திருகு ஆட்டத்தில் கழன்றுவிடாமல் மெல்லிய பூட்டுக் கம்பி சுற்றுவோம். இங்கே பிளேன் ரிப்பேர் ஷெட்டில் எனக்கு முக்கால்வாசி வேலை அந்தக் கம்பிதான்.

திரும்பி வரச் சொன்னீர்கள். வர முடியாதுங்க. சம்பளக் குறை இல்லை. உங்கள் வீட்டுச் சோற்றில் ஒரு குறையும் இல்லை. காரணத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மரகதத்திடம் சுத்தியலை எண்ணெய் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
பழனியாண்டி


குன்னூர்
20-8-1974

தம்பி பழனியாண்டிக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். எஸ்டேட் கிளார்க் கருப்புசாமிகூட வாயைப் பிளந்தான். சும்மா இருக்க எதற்கும் அனுமதி இல்லை என்று எழுதினாயே, அப்படிக் கடை நடத்தத்தான் நான் இருபது வருஷமாகப் பாடுபடுகிறேன்.

நீ வராவிட்டால் போச்சாது, பரவாயில்லை, நாங்களே உன் முறையில் அடித்துவிட்டோம். விலா வைத்தாயிற்று, அலுமினியப் பட்டை போட்டாயிற்று. ரிவெட் மட்டும் கைக்குப் பிடிபடவில்லை, நாள் இழுக்கிறது. அதனால் ரிவெட்டுக்குப் பதில் நல்ல இரும்பு ஆணியாக நெருக்கி அடித்துவிட்டோம். மரகதம் மட்டும், "அவர் ஆணி கிடையாதுன்னுதானே எழுதியிருக்கார்" என்று முணுமுணுத்தாள். இரும்பைவிட அலுமினியமா உறுதி? நீயே சொல். மேனேஜர் வாங்கிக்கொண்டார். மழையில் நனைந்துகொண்டே லாரி லாரியாகப் போகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். பிளேனுக்குப் பெட்ரோல் எங்கே ஊற்றுகிறார்கள்? டாங்கியை ஆள் உட்காருகிற இடத்தில் வைத்தால் ஆபத்தில்லையா? இறங்கும்போது அவ்வளவு பாரமும் சக்கரத்தில் விழுமே, கால் உடையாதா?

இன்னொரு செய்தி. என் அண்ணன் ஆறுக்குட்டி, பொள்ளாச்சியிலிருந்து மரகதத்துக்கு ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறார். தேங்காய் வியாபாரம், நல்ல வசதி. தை மாசம் பேசி முடிக்கலாம் என்கிறார்.

இப்படிக்கு,
மருதாசலம்


பெங்களூர்
30-8-1974

மரியாதைக்குரிய முதலாளி அவர்களுக்கு,

முதலில் அவசரமான விஷயம். இரும்பு ஆணி அடிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரும்பு உறுதிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரும்பும் அலுமினியமும் ஒட்டி இருந்து, நடுவே ஈரமும் நின்றால், அலுமினியம் தன்னையே தின்ன ஆரம்பித்துவிடும். ஆணியைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூக்கும். பிறகு ஓட்டை பெரிதாகும், பட்டை கழலும். மேட்டுப்பாளையத்து வெயிலில் என்றால் வருஷக்கணக்கில் தாங்கலாம். குன்னூர் மூடுபனியில் தாங்காது.

பிளேனில் இரும்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சக்கரக் கால் எஃகுதான். இறங்கும்போது உடையாததற்குக் காரணம், அந்தக் காலுக்குள்ளே எண்ணெயும் காற்றும் அடைத்திருப்பதுதான். கால் அமுங்கும்போது எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு போகும், அடியை அது வாங்கிக்கொள்ளும். எஃகும் அலுமினியமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில்தான் வாழ்கின்றன. பிரித்து வைப்பதில்லை. நடுவே ஒரு பூச்சு கொடுத்துச் சேர்ப்போம், அவ்வளவுதான்.

பெட்ரோல் இறக்கைக்குள் இருக்கிறது. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே வளைக்கப் பார்க்கும். உள்ளே இருக்கிற பெட்ரோலின் பாரம் அதைக் கீழே பிடித்துக்கொள்ளும்.

இனி, சொல்லாமல் வந்த காரணம். பொள்ளாச்சிச் செய்தி படித்த பிறகும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை. எனக்கு மரகதத்தைப் பிடித்திருக்கிறது. அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. உங்கள் அண்ணன் ஒரு நாள் ஷெட் வாசலில், "எஸ்டேட் லயத்துப் பையன் ஊட்டுக்குள்ள வரைக்கும் வர்றான், பார்த்துக்க" என்று என் காதுபடச் சொன்னார். உங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே உங்களுக்குத் தெரியாமல் ஒன்றை மனதில் வைத்திருக்க என்னால் முடியவில்லை. அதனால் வந்துவிட்டேன்.

இப்போது நேராகக் கேட்கிறேன். மரகதத்தை எனக்குக் கட்டிக் கொடுப்பீர்களா? எனக்கு நிலம் இல்லை. என் அம்மா தெய்வம்மா கோத்தகிரிப் பக்கம் கொழுந்து எடுக்கிறார். என் கைவேலை உங்களுக்குத் தெரியும்.

பணிவுடன்,
பழனியாண்டி


குன்னூர்
11-11-1974

பழனியாண்டிக்கு,

பெட்டி திரும்பி வந்துவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி சரக்கு கிளம்பியிருந்தது. கொச்சித் துறைமுகத்தில் பட்டை கழன்று, ஈயத்தாள் கிழிந்து, தேயிலை ஈரம் குடித்துவிட்டது. நீ சொன்ன அதே வெள்ளைப் பொடி. மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசின பேச்சை எழுத முடியாது. தை பிறந்தபிறகு அடுத்த ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம்.

உன் கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. எழுதக் கை வரவில்லை. நீ கெட்டிக்காரன், யோக்கியன். மறைக்காமல் கேட்டாய். ஆனால் நாளைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் முன்னால் நான் நிற்கணும். அண்ணன் பேச்சை மீறி இதுவரை நான் ஒன்றும் செய்ததில்லை. பெட்டி வேறு, பொண்ணு வேறு. முடியாது தம்பி.

மருதாசலம்


பெங்களூர்
19-11-1974

மரியாதைக்குரிய முதலாளி அவர்களுக்கு,

பெட்டி வேறு, பொண்ணு வேறு என்று எழுதினீர்கள். சரி. பெட்டிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

திரும்பி வந்ததை விறகுக்குப் போடாதீர்கள். இரும்பு ஆணியைப் பிடுங்குங்கள். பொடி பூத்த பட்டையைக் கழித்துவிடுங்கள், தேய்த்துவிட்டுத் திரும்பப் போட ஆசைப்பட வேண்டாம். பலகையை நன்றாகக் காயவிடுங்கள். பார்சலில் அலுமினிய ரிவெட் அனுப்பியிருக்கிறேன். பெட்டியைச் சுற்றிக் கட்டுகிற இரும்பு வளையம் பட்டையில் தொடும் இடத்தில் மட்டும் வெளிப்பக்கம் பெயிண்டுப் பூச்சு கொடுங்கள். உள்பக்கம் வேண்டாம், தேயிலை அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். ரிவெட் அடிக்க மரகதத்துக்குத் தெரியும். நான் அடிக்கும்போது பார்த்திருக்கிறாள்.

சரிசெய்த ஒரு பெட்டியை மேனேஜர் கண் முன்னால் மாடியிலிருந்து போடுங்கள். ஆர்டர் போகாது.

பழனியாண்டி


குன்னூர்
9-2-1975

தம்பி பழனியாண்டிக்கு,

பெட்டியை மாடியிலிருந்து போட்டேன். மேனேஜர் இரண்டாம் தடவை அவரே தூக்கிப் போட்டுப் பார்த்தார். ஆர்டர் நம்மகிட்டத்தான். ரிவெட் எல்லாம் மரகதம் அடித்தது. உன் வரிசைக்கும் அவள் வரிசைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று உனக்குத் தெரியாது. போன வாரம் நான் பெங்களூர் வந்திருந்தேன். சரக்கைப் பார்க்காமல் நான் எதையும் முடித்ததில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் அதே கணக்குத்தான், உன்னை அங்கே வந்து பார்க்காமலே சொல்லிவிட்டேன் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உங்கள் பிளேன் ஷெட் வாசலில் டாக்ஸிக்காரர்களோடு நின்றேன்.

பிளேனின் சொந்தக்காரர் ஒருத்தர் கல்யாணத்துக்குப் போகிற உடுப்போடு வந்தார். நீ வால் பக்கத்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "திருகில பூட்டுக் கம்பி இல்லைங்க சார்" என்றாய்.

"ஒரு கம்பிதானப்பா, சாயங்காலம் வந்து போட்டுக்கலாம்" என்றார்.

"சாயங்காலம் நீங்க வரணுமில்லைங்களா சார்" என்றாய்.

அவர் கத்தினார், வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். நீ சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த கட்டைமேல் உட்கார்ந்துகொண்டு சுற்ற வேண்டிய கம்பியைத் தேடி எடுத்தாய். கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார், உனக்கும் சேர்த்து. நீ வேலை முடிகிறவரை அந்த டீயைத் தொடவில்லை. ஆறிப்போனதை அப்புறம் ஒரே மடக்காகக் குடித்தாய். டீக்கடைக்காரரிடம் உன்னைப் பற்றி விசாரித்தேன். "அந்த சிலோன் பையன் கை வைக்காத வண்டியில எவனும் ஏற மாட்டான்" என்றார்.

ஊருக்கு வந்து மரகதத்திடம் பொள்ளாச்சியைப் பற்றி நேராகக் கேட்டேன். "பொண்ணு பார்க்க வந்தவங்க ஷெட்டைத்தானுங்கப்பா சுத்திப் பார்த்தாங்க, என்னைப் பார்க்கலை" என்றாள். அப்புறம், "உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் பெங்களூர்தான்" என்றாள். உன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அவங்க வேற, நாம வேற" என்றார். பிளேனிலும் அப்படித்தானுங்கண்ணா, பூச்சுக் கொடுத்துச் சேர்த்தால் நிற்கிறது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணத்துக்கு வருவது அவர் இஷ்டம்.

இனி பேசி முடிக்க வேண்டியது. கல்யாணம் வைகாசியில், குன்னூரில். உன் அம்மா தெய்வம்மா எனக்குச் சமமாக முன்வரிசையில் உட்காரணும், பின்னால் நிற்க விடமாட்டேன். நீ அந்த வேலையை விடக்கூடாது. ஷெட்டுக்கு வா என்று இனி நான் கேட்க மாட்டேன், கேட்டாலும் வராதே. வருஷா வருஷம் மழை பிடிப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் மேலே வந்து ஷெட்டைப் பார்த்துக் கொடுக்கணும், பஸ் செலவு என்னுடையது. உன் முறையில் போகிற பெட்டியின் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு மரகதத்தின் பேருக்கு. இது சீர் இல்லை, முறைக்கு விலை. ரிவெட்டை நீயே அங்கே பார்த்து வாங்கி அனுப்பணும். விலையில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

இப்படிக்கு,
உன் மாமன்,
மருதாசலம்