மூன்று மாதமும் என் இத்தாவும்

ஆகஸ்ட் 19
ஆட்டோ முற்றத்தில் சும்மா நிற்கிறது. என்ட பேரில் வாங்கினது, இரண்டு மாதம்தான். சீட்டுப் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. கொம்பனியில் நாலுதரம் திருத்தியும் நடுறோட்டில் நின்றுபோகும். போன மாதம் ஐந்தாம் தேதியும் பாலத்துக்கு அங்கால நின்றது. என்ட மனிசன் மத்தியான வெயிலில் வீடுமட்டும் தள்ளிக்கொண்டு வந்தார். நெஞ்சு அடைக்குது, தண்ணி தா என்றார். கொண்டு வந்தேன். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 27
மனிசனை இழந்தவளுக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா. வெளியே போக ஏலாது. முடியட்டும், கொம்பனிக்கு எதிரா முறைப்பாடு கொடுப்பம். சட்டம் எங்கே ஓடப்போகுது?

செப்டம்பர் 2
தலைவலி. சமைக்கவில்லை.

செப்டம்பர் 10
கொம்பனிக் கடிதம். வண்டியில் பிழையில்லையாம். ஓட்டினவருக்கு ஓட்டத் தெரியாதாம். இருபது வருசம் ஓட்டின மனிசன்!
வாங்கினவர்களின் முறைப்பாடு கேட்கிற பாவனையாளர் அதிகார சபைக்குப் போன் எடுத்தேன். ஒரு ஐயா, "எப்ப வாங்கினது?" என்றார். ஜூன் 12. "மூன்று மாதத்துக்குள்ள எழுத்தில தரவேணும் அம்மா. நாளையிண்டைக்குக் கடைசி. தபால் சேராது, நேர வாங்கோ."
என்ட இத்தா முடியுமட்டும் அதுவும் காத்திருக்கும் என்று நினைச்சிட்டேனே. மடைச்சி. மடைச்சி.

செப்டம்பர் 11
நாளைக்குப் போறேன் என்றதும் என்ட மனிசனின் அக்கா, றுக்கியா மதினி, வாசலை மறித்தா. "மௌத்தாகி ரெண்டு மாசம்தான். பஸ்ஸேறவா போறாய்?"
தேவைக்குப் பகலில் போகலாமென்று மௌலவி சொன்னதைச் சொன்னேன்.
"மௌலவிக்கென்ன? ஊர்க்கதை கேக்கிறது நானெல்லோ."
கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'ஓட்டத் தெரியாதவர்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினா. "திருப்பி வாசி." வாசித்தேன்.
"என்ட தம்பிக்கா? பாலம் கட்ட முந்தி ஃபெரியில ஆட்டோ ஏத்தி இறக்கினவனுக்கா? நாளைக்குப் போத்திக்கொண்டு வா புள்ள, நானும் வாறன். ஆரும் கேட்டா என்னைக் கேக்கட்டும்."

செப்டம்பர் 12
கொடுத்தாச்சு. என்ட கோணல் எழுத்தைப் பார்த்து ஐயா சிரிக்கவில்லை. பஸ்ஸில் மதினி என்னை ஜன்னல் பக்கம் இருத்தினா. கடல் அப்படியேதான் இருக்கு.

நவம்பர் 13
இத்தா முடிந்தது. விசாரணைத் தேதி வரவில்லை. எங்கே போறது?

பெப்ரவரி 5
இரண்டாம் விசாரணை. வண்டியின் பெற்றோல் பம்ப் கொம்பனியால் வரும்போதே பழுதாம். வண்டியைப் பார்த்த மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஓட்டினவரில பிழையில்லை" என்று ஐயா வாசித்தார். மதினி கதிரையால் எழும்பி, "இன்னொருக்கா வாசிங்க சேர்" என்றா. வாசித்தார்.

ஏப்ரல் 2
வேற ஆட்டோ தரச் சொல்லிக் கட்டளை. இதை எடுத்துப் போக இன்று கொம்பனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டார்ட் ஆனது. மூலை திரும்ப முன்னம் நின்றுவிட்டது.
"என்ன, ஓட்டத் தெரியாதோ?" என்றா மதினி.
இறங்கித் தள்ளினார்கள். நல்ல வெயில். நான் தண்ணிப் போத்தலோடு ஓடினேன்.
"முதல்ல இதைக் குடிங்க. பிறகு தள்ளலாம்."
குடித்தார்கள்.