ஒரே மாதிரி இரண்டு கோடுகள்

மார்ச் 4
மூளை அலை ஆய்வுக்குப் புதுத் தொப்பி வந்துவிட்டது. பழையதைவிட இரண்டு மடங்கு சென்சார். ஒவ்வொன்றையும் துணியிலுள்ள பிளாஸ்டிக் வளையத்தில் அழுத்தி உட்காரவைப்பதற்குள் கட்டைவிரல் சிவந்துவிட்டது. பிறகு ஆளின் தலையில் மாட்டி, வளையத்துக்கு வளையம் மழுங்கிய ஊசியால் அலையைக் கடத்தும் ஜெல். இதெல்லாம் என் வேலை. அடுத்த அறையில் கணினியில் பதிவு செய்வது புதிதாகச் சேர்ந்த பெண். வார்த்தைக்கு வார்த்தை 'அக்கா' என்கிறாள். இவ்வளவு இனிப்பு எனக்கு ஆகாது.

மார்ச் 7
இன்றைய பதிவைப் பார்த்தேன். பின்மண்டையில் பக்கத்துப் பக்கத்துச் சென்சார்கள் இரண்டின் அலைக்கோடும் அச்சு அசல் ஒன்று. மேடு, பள்ளம், நடுக்கம் எல்லாம். அதெப்படி?

மார்ச் 8
சும்மா கேட்பதுபோல் அவளிடம் கேட்டேன். "ஒரு கோடு கெட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவ?"
"பக்கத்துல இருக்கறத வச்சு நிரப்பிக்கலாம் அக்கா. எல்லாரும் பண்றதுதான்."
சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

மார்ச் 12
மறுபடியும் அதே. அவளே வந்து, "தொப்பிய ஒரு தடவ பாத்துருங்களேன் அக்கா" என்றாள். எப்படி இருக்கிறது கதை! தான் செய்த திருட்டு வேலையை என் தலையில் கட்டப் பார்க்கிறாள். கழுவிக் காயப்போட்ட தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

மார்ச் 13
வீட்டில் இவரிடம் சொன்னேன். "உனக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம்" என்கிறார். வாஷிங் மெஷினில் ரிப்பேர்காரர் பழைய மோட்டாரை மாட்டியபோதும் இதையேதான் சொன்னார்.

மார்ச் 18
ஆய்வை நடத்தும் மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன் — அவள் ஒரு கோட்டை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டுகிறாள் என்று.
"நிச்சயமாத் தெரியுமா?"
"தெரியும் மேடம்."
ஏன் அப்படிச் சொன்னேன்? சந்தேகம் என்றுதானே சொல்லப் போனேன்.

மார்ச் 20
விசாரணை முடியும்வரை அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு வந்து, "நான் பண்ணத நீங்க பாத்தீங்களா அக்கா?" என்று கேட்டாள். நான் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த ஊசியை எடுத்தேன். இந்தத் துறையில் இப்படி ஒரு பேர் வந்தால் அவளுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது. அது எனக்குத் தெரியும்.

மார்ச் 25
இன்று இரண்டு வேலையும் நானே. அடர்த்தியான முடியுள்ள ஒரு டீச்சர் வந்திருந்தார். உள்ளே இறங்கட்டும் என்று ஜெல்லைத் தாராளமாக வைத்தேன், பழைய தொப்பிக்கு வைக்கிற கணக்கில். கணினி முன்னால் போய் உட்கார்ந்தால் — திரையில் ஓடும் பின்மண்டைக் கோடுகள் இரண்டும் ஒன்று. பதிவையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. யார் நகலெடுத்தது?

ஓடிப்போய்த் தொப்பியின் ஓரத்தைத் தூக்கினேன். சென்சார்கள் இதில் நெருக்கம். ஜெல் துணிக்கடியில் வழிந்து ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்பக் கணினிக்கு ஓடினேன். கோடுகள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன.

என்னையே கேட்டுக்கொண்டேன்: கழுவின தொப்பியில என்னத்தடி பாத்த நீ? ஜெல் எல்லாம் தண்ணியோட போனப்புறம்?

"ஏதாச்சும் கோளாறாம்மா?" என்று அந்த அறையிலிருந்து கேட்டார் டீச்சர்.
"என் கைதாங்க" என்றேன்.

மார்ச் 26
மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் எதிரிலேயே அவளுக்கு ஃபோன் செய்தார்.

ஏப்ரல் 2
அவள் வேலைக்கு வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன், "பரவால்ல" என்றாள். நான் ஜெல் வைத்து முடித்ததும் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, தொப்பியை எல்லாப் பக்கமும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். ஒரு படத்தில் என் கையும் இருந்தது. நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு. வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நின்றேன்.