கறுப்பு மை வேண்டாம் என்ற பூதம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே குளிர் எப்படி, சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. நீ எங்களுக்காகத் தமிழில் சுருக்கி அனுப்பிய ஆராய்ச்சி வந்து சேர்ந்தது. அப்பா சத்தம்போட்டுப் படிக்க ஆரம்பித்து, பின்காலனியம் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தவர்தான், நன்றாகத் தூங்கிவிட்டார். நான் முழுக்கப் படித்தேன். நான் வேலை பார்க்கும் கேளிக்கைப் பூங்காவின் பேய் வீட்டை எந்தக் கதையை வைத்துக் கட்டினார்களோ, நீ ஆராய்ந்திருப்பதும் அதே கதை, அதே சதுப்புநிலப் பூதம். சின்ன வயதில் அங்கே சவப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை வேறு எதை எடுத்து ஆராயும் என்று நினைத்துக்கொண்டேன். கப்பலில் வந்த துரை அந்தச் சதுப்புநிலத்தை வளைத்துப் போட்டான், ஏற்கெனவே அங்கே இருந்தவர்களைக் கறுப்பு என்றும் பூதம் என்றும் எழுதி வைத்தான், கதை நெடுக அவன்தான் பேசுகிறான், பூதம் உறுமுவதோடு சரி, அதன் வாயில் ஒரு வார்த்தை வைக்க எழுதியவனுக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருடமாக அந்தப் பூதமாக நிற்பவள் நான், எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

சும்மா இருந்திருக்கலாம், டீ நேரத்தில் பேய் வீட்டில் வேடம் போடுகிற எல்லாரிடமும் சொன்னேன். வந்தது வினை. தலையில்லா முண்டமாக நிற்கும் அண்ணன், அப்படின்னா என் தலைய வெட்டினது யாரு என்று கேட்டார். துரைதான், வேற யாரு என்று சவப்பெட்டியில் பிணமாகப் படுக்கும் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதோடு விட்டார்களா, கோட்டு சூட்டுப் போட்டு ரத்தம் குடிக்கிற காட்டேரிதான் அந்தத் துரை என்று முடிவுகட்டி, காட்டேரி வேடம் போடுகிற அந்த அப்பாவிக்கு அன்றிலிருந்து யாரும் பிஸ்கட் நீட்டுவதில்லை. அவர் என்னிடம் வந்து, நான் யார் நிலத்தையும் புடுங்கலைக்கா, வாடகை வீட்டுலதான் இருக்கேன் என்று கண்கலங்கினார். என் பங்கிலிருந்து இரண்டு கொடுத்தேன்.

மறுநாள் ஒப்பனைக்காரர் கறுப்பு மையோடு வந்தபோது வேண்டாம் என்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்களால எங்களுக்குப் பாதி மைச் செலவு மிச்சம்மா என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் ஆராய்ச்சியைப் படித்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது. சொந்த முகத்தோடு இருட்டில் நின்று, ஆட்கள் வந்ததும் உறுமாமல், வாங்க, யாரக் கேட்டு உள்ள வந்தீங்க என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள் கண்ணா. ஒரு பெரியவர் கைகூப்பி, சீட்டு வாங்கிட்டுத்தாம்மா வந்தேன் என்று சட்டைப்பையைத் தடவினார். இந்த இடம் முன்னாடி யாரோடதுன்னு தெரியுமா என்று கேட்டதற்கு ஓர் அம்மாள் அழுதேவிட்டார், நாங்க மனை வாங்கினப்ப பத்திரமெல்லாம் சரியா இருந்துச்சுங்க, வக்கீல் பாத்துட்டாருங்க என்று. அவருடைய மனையைப் பற்றி எனக்கு என்ன தெரியும். தண்ணீர் கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தேன்.

இரண்டு நாளில் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஜனங்க காசு குடுத்துப் பயப்பட வர்றாங்க, உங்களுக்குப் பதில் சொல்ல வரலை என்றார். அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் திங்கட்கிழமை முதல் மையைப் பூசிக்கொண்டு உறுமினால் வேலை, இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு பொம்மையை வைத்து மின்சாரத்தில் ஆட்டிக்கொள்வேன் என்று முடித்துவிட்டார். வெளியே வந்தால் முண்டம் அண்ணன், விட்டுக்குடுக்காத, நாங்கல்லாம் உன் பக்கம் என்றார், தலை சட்டைக்குள் இருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பாவம், காட்டேரியும் என் பக்கம்தான் நின்றார்.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். பூதம் பேசிவிட்டது என்றதும் நீ துள்ளிக் குதிப்பாய் என்று நினைத்தேன். நீயோ, அதெல்லாம் புத்தகத்துக்கும்மா, இன்னும் ஒரு வருஷந்தானே, கொஞ்சம் உறுமிட்டுப் போயேன் என்றாய். சொன்ன பிறகு உனக்கே என்னவோபோல் இருந்திருக்க வேண்டும், உடனே அப்பாவின் முழங்காலை விசாரித்தாய். மறைப்பானேன், எனக்கு வலித்தது. மேலாளர் சொன்னதைவிட அதிகம் வலித்தது. ஆனாலும் உன்மேல் கோபம் இல்லை. உன் கடைசி வருடக் கட்டணம் என் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும், அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை போனேன். ஒப்பனைக்காரர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசுங்க என்றேன். அவருக்குக் கை வரவில்லை, நானே வாங்கிப் பூசிக்கொண்டேன். முதல் கூட்டம் உள்ளே வந்ததும் உறுமினேன். ஒரு குறையும் வைக்காமல் உறுமினேன். எல்லாரும் ஆசைக்குக் கொஞ்சம் பயந்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

நீ நல்லபடியாகப் படித்து முடித்து, நாலு பேர் மதிக்கும்படி வர வேண்டும், நானும் அப்பாவும் தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. மறக்காமல் இன்னொன்றும் செய். பூதம் கடைசிவரை ஏன் பேசவில்லை என்று காரணங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறாயே, அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள், அதற்குத் தூரதேசத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தது என்று.

என்றும் உன்மேல் உயிராக இருக்கும்,
அம்மா