ஞாயிறு நாலு மணிக் குடும்பம்

மத்திய சிறை, புதுச்சேரி
2.3.2025

அன்புள்ள அமுதத்துக்கு,

நான் நலம். நீயும் மகாவும் நலமா? வாரம் ஒரு தடவை போன் பேச விடுகிறார்கள். நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் வெறும் "ம்" எழுதி அனுப்ப முடியாது அல்லவா?

இங்கே ஒரு புதுச் சங்கதி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூடத்தில் டிவி போடுகிறார்கள். ஜெபம் சொல்ல வருகிற பாஸ்டர் ஜெயசீலன் கேட்டு வாங்கிக் கொடுத்த அனுமதி. கிறிஸ்தவ சேனலில் ஒரு நாடகம், பெயர் "ஒலிவ மர வீடு". வெள்ளைக்காரக் குடும்பம், தமிழில் பேசுகிறார்கள். அப்பா பெயர் யோனத்தான். விவசாயி, நம்மைப் போல. ஆனால் அந்த ஆள் சத்தம் போட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முடிவில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அன்றைக்குச் செய்த தப்பை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். "மன்னித்தோம், சாப்பிடு" என்பார் அப்பா. அவ்வளவுதான் நாடகம்.

எண்பது பேர் தரையில் உட்கார்ந்து பார்க்கிறோம். யாரும் மூச்சு விடுவதில்லை. போன வாரம் அந்த வீட்டுச் சின்னப் பெண் விளக்கை உடைத்துவிட்டு மறைத்ததைச் சொல்லி அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பக்கிரி, பன்னிரண்டு வருஷமாக உள்ளே இருக்கிற ஆள், "இன்னாடா, வெளக்குக்குப் போயி அழுவுற" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் துண்டை எடுத்துக்கொண்டார்.

நீயும் பார். மகாவையும் உட்கார வை. நாலு மணிக்கு நாம் மூன்று பேரும் ஒன்றைப் பார்க்கிறோம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உன்
ராஜ்மோகன்

✦

சோரியாங்குப்பம்
18.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அமுதம் எழுதுவது. நானும் மகாவும் நலம். கடிதம் வந்து பத்து நாளாகிறது. கரும்பு வெட்டு நடக்கிறதால் உட்கார நேரமில்லை. உங்கள் அண்ணன் பங்கையும் நான்தான் நின்று பார்க்கிறேன்.

நம் டிவியில் அந்தச் சேனல் வரவில்லை. பாகூர் போய் ஜலாலுதீன் பாய் கடையில் சொன்னேன். ஆள் வந்து சரி செய்து கொடுத்தார். "இன்னாமா, மதம் மாறிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். "இல்ல பாய், நாடகம் பாக்கணும்" என்றேன்.

பார்த்தோம். முதலில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாள் முழுக்க ஏர் ஓட்டிவிட்டு வருகிறவர் சட்டையில் ஒரு பொட்டு சேறு இல்லை. அந்த அம்மா சமைத்து நான் பார்க்கவில்லை, ஆனால் மேசை நிறையச் சோறு. "மகளே, உன் இருதயம் ஏன் கலங்குகிறது?" என்று அப்பா கேட்கிறார். நம் ஊரில் எந்த அப்பா இப்படிக் கேட்பார்? மகா இரண்டு நாளாக ஆட்டுக்குட்டியைப் பார்த்து "உன் இருதயம் ஏன் கலங்குகிறது?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள்.

ஆனால் சொல்லத்தான் வேண்டும். முடிகிறபோது மனசு லேசாகிவிட்டது. ஒரு மணி நேரம் யாரும் யாரையும் திட்டாத ஒரு வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு மூன்றரைக்கே வேலையை முடித்துவிட்டேன்.

ஒரு விஷயம். அந்த அப்பா வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டினால் பிள்ளைகள் ஓடிப்போய்த் திறக்கிறார்கள். அதைப் பார்த்து மகா, "இன்னாம்மா இது, கதவாண்ட ஓடுதுங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமுதம்

✦

மத்திய சிறை, புதுச்சேரி
13.4.2025

அன்புள்ள அமுதத்துக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆட்டுக்குட்டி சங்கதியைப் பக்கிரிக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவர் என்னையும் அப்படித்தான் கேட்கிறார்.

மகா கேட்ட கேள்வி எனக்கு உறைத்தது. நான் கொஞ்சம் கோபக்காரன்தான். உன்னிடமும் சில சமயம் அப்படி நடந்துகொண்டேன். கரும்பு லாரித் தகராறில் புகழ்வேந்தனை மண்வெட்டிக் காம்பால் அடித்ததும் அந்தக் கோபம்தான். அவன் பிழைத்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன், பிழைக்கவில்லை. நாலு வருஷமாக அந்தக் காம்பு என் கையிலேயே இருக்கிறது. அந்த யோனத்தானைப் பார்க்கும்போது, இப்படியும் ஒரு மனுஷன் இருக்கலாம்போல என்று தோன்றுகிறது. இதை யாரும் எனக்குக் காட்டினதில்லை. என் அப்பா காட்டினது வேறு.

ஆடி மாதம் பதினைந்து நாள் பரோல் கேட்டு மனு போட்டிருக்கிறேன். பாகூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, "இவரை வீட்டில் ஏற்றுக்கொள்கிறாயா?" என்று உன்னைக் கேட்பார்கள். சரி என்று நீ கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். என் அண்ணன் போட்டால் செல்லாது. நான் வந்து தங்கப்போவது உன் வீடு.

அந்த மேசையில் செய்கிற மாதிரி நீங்களும் செய்து பாருங்கள். நான் வரும்போது எனக்கும் ஒரு இடம் பழகியிருக்கும்.

உன்
ராஜ்மோகன்

✦

சோரியாங்குப்பம்
11.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னதைச் செய்தோம். மேசைக்கு எங்கே போவது? பாயைப் போட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

மகா முதல் தப்பாக, பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையை இரண்டு தடவை வாங்கியதைச் சொன்னாள். "மன்னித்தோம், சாப்பிடு" என்றேன். என் முறைக்கு, பக்கத்து வீட்டு சரண்யா கருவேப்பிலை கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதைச் சொன்னேன். "ஐயே, மரமே கீதேம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

மாமா, மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் போனை எடுக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இப்போது அப்படி இல்லை. நாலு மணியானால் நீங்களும் அங்கே உட்கார்ந்து அதையே பார்க்கிறீர்கள் என்ற நினைப்பு வருகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எதையாவது முழுசாகப் பார்த்திருக்கிறோமா? மனுஷன் மாறக்கூடும் என்று நினைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வந்தால் சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.

மகாவிடம் பரோல் பற்றிச் சொன்னேன். எழுந்து ஆட்டுக்குட்டியிடம் போய்விட்டாள். வெட்கமாக இருக்கும்.

உங்கள்
அமுதம்

✦

மத்திய சிறை, புதுச்சேரி
15.6.2025

என் அன்புள்ள அமுதத்துக்கு,

"உங்கள்" என்று போட்டிருந்தாய். நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கவனித்தேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. முட்டையும் கருவேப்பிலையும் விளையாட்டு. அந்த நாடகத்தில் அவர்கள் மனசிலிருந்து பேசுகிறார்கள். நம் ஆட்களுக்குச் சும்மா கேட்டால் வராது. நம் வழக்கப்படி தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்துக் கேள். நம் வீட்டில் கற்பூரத்துக்கு முன்னால் யாரும் பொய் சொன்னதில்லை. அப்பாவை நினைத்து மனசில் என்ன வைத்திருக்கிறாள் என்று மகாவைக் கேள். ஏக்கத்தை அடக்கி அடக்கி வைத்திருப்பாள் பாவம். அவள் வாயால் "அப்பா வரணும்" என்று சொன்னதை அப்படியே எழுது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வேன்.

போலீஸ்காரர் ஆடி பிறந்ததும் வருவார் என்று இங்கே சொன்னார்கள்.

உன்
ராஜ்மோகன்

✦

சோரியாங்குப்பம்
20.7.2025

மாமாவுக்கு,

கற்பூரம் ஏற்றினேன்.

இன்றைக்கு நாடகம் முடிந்ததும் விளக்கு வைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் ஏற்றி, இருவரும் உட்கார்ந்தோம். நான்தான் முதலில் சொன்னேன். "ஒங்கப்பா மேல மனசுல கோவம் வெச்சிருந்தேன். இனிமே இல்ல." சொல்லும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அணையற வரைக்கும் சும்மா இருந்தா பரவால்லியாம்மா?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு வில்லையை எடுத்துப் போட்டேன்.

அப்புறம் சொன்னாள். நீங்கள் எழுதச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா வூட்டுக்கு வரவே கூடாதுன்னு வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிகினேம்மா. வரலன்னா மொட்ட போட்டுக்கிறேன்னு சொல்லிகீறேன். நாலாவது படிக்கசொல்ல வேண்டிகினேன். அது தப்பா? சாமி மன்னிக்குமா?"

ஏன்டி முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். உங்களுக்கே தெரியும் அவள் முடி இடுப்பு வரைக்கும்.

"முடி இல்லன்னா யாராலயும் புடிச்சி இழுக்க முடியாதுல்ல. நீயும் போட்டுக்கோம்மா."

நீங்கள் என் முடியைச் சுற்றிப் பிடித்து, அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போன அன்றைக்கு அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். எல்லாத் தடவையும் அவள் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்ற ஒரே ஆறுதலில்தான் நான் இத்தனை நாள் வாழ்ந்தேன். அதுவும் போயிற்று.

"மன்னித்தோம், சாப்பிடு" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது தப்பே இல்லையே. "அது தப்பு இல்லடி" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அந்த நாடகத்தைப் பார்த்து நானும் ஏமாந்துபோனேன். அந்த வீட்டில் உடைவது விளக்கு, தட்டு. அதையெல்லாம் மன்னித்துவிட்டுச் சாப்பிடலாம். அங்கே யாரும் யாரையும் அடித்ததில்லை. பயந்து பயந்து தூங்கினவர்கள் அந்த மேசையில் யாரும் இல்லை. ஒரு ஞாயிறுகூட எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் மாறியிருக்கலாம். இல்லை என்று சொல்ல மாட்டேன், உங்கள் கடிதங்களைப் படித்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் வந்து அந்தக் கதவைத் தட்டினால் என் பிள்ளை என்ன ஆவாள்?

போலீஸ்காரர் ஆடிப்பெருக்கு கழித்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்து, புருஷனை வேண்டாம் என்றவள் என்று என்னைப் பேசுவார்கள். பேசட்டும். அவரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட நினைத்தேன்.

அமுதம்

✦

மத்திய சிறை, புதுச்சேரி
3.8.2025

அமுதத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பத்து நாள் பதில் எழுத முடியவில்லை. முதல் இரண்டு நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அது தெரியாததால்தான் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாடகத்தில் ஓடிப்போன மூத்த மகன் திரும்பி வருகிறான். வாசலில் அந்த அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். எண்பது பேரும் அழுகிறார்கள். ஒவ்வொருவனும் தன்னைத்தான் அந்த மகனாக நினைத்துக்கொள்கிறான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களில் ஒருவனாவது வீட்டில் இருப்பவர்களை நினைத்துப் பார்த்தானா? எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன். பக்கிரி வந்து "இன்னாடா ஆச்சி?" என்று கேட்டார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நீ எழுதினது சரி. "சில சமயம் அப்படி நடந்துகொண்டேன்" என்று எழுதியிருந்தேன் அல்லவா? சில சமயம் இல்லை. மாதத்துக்கு எத்தனை தடவை என்று உனக்கும் எனக்கும் தெரியும். இப்போது மகாவுக்கும் தெரியும் என்று தெரிந்துகொண்டேன். புகழ்வேந்தனுக்காகத்தான் எனக்குத் தண்டனை கொடுத்தார்கள். உங்கள் இரண்டு பேருக்காக யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

பரோல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். போலீஸ்காரர் வரமாட்டார். அந்த வார்த்தையை நீ யார் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. நானே வேண்டாம் என்றுவிட்டதாக ஊரில் சொல்லிக்கொள். தண்டனை முடிந்து வெளியே வந்தாலும் சோரியாங்குப்பம் பஸ்ஸில் ஏற மாட்டேன். எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது, நீ அதை நினைக்க வேண்டாம்.

ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினத்தில் தேர். மகாவைக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட்டு வா. வேண்டுதல் பலித்துவிட்டது என்று சொல். அவள் சாமியிடம் கேட்டது தப்பே இல்லை என்று அப்பா சொன்னதாகவும் சொல். வேண்டாம், அப்பா என்று சொல்லாதே. நீ சொன்னதாகவே இருக்கட்டும்.

இதற்குப் பதில் போடாதே அமுதம். நீ எழுதினால் எனக்கு வர ஆசை வந்துவிடும்.

ராஜ்மோகன்