திங்கட்கிழமை வந்து பாருங்கள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

என் அன்பின் ஷெல்டனுக்கு,

மிதுனாவும் நானும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் மன்றாடினேன். கூடவே இன்னொரு மனிதருக்கு நல்லது நடக்கக் கூடாது என்றும் மன்றாடினேன். இதைப் பாதரிடம் சொன்னால் செபமாலையைக் கையில் தந்து முழங்காலில் இருத்திவிடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் "விடு பேர்ணடெற்" என்று சொல்லி வெட்டிவிடுவீர்கள். என்னோடு இறக்குமதி ஸ்டோரில் வேலை செய்யும் பைறோஸாவின் மச்சான் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். சீனிச் சம்பல் ஒரு போத்தலும் மிதுனா அப்பாவுக்கென்று வாங்கிய சேர்ட்டும் பார்சலில் இருக்கின்றன. போனில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே ஒரு சைஸ் குறைத்து வாங்கியிருக்கிறாள். இறுக்கமாக இருந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் ஸ்டோருக்கு ஒரு வார்ஃப் கிளார்க் தேவை. துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் அலைந்து சாமான்களை வெளியே எடுக்கும் அதே வேலை, நீங்கள் இருபது வயதிலிருந்து செய்த வேலை. நீங்கள் வீட்டுக்கு வந்து அதற்குக் கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் சொல்ல முன் மிச்சத்தையும் படியுங்கள், ஏனென்றால் இதில் க்ளெமென்ற் வருகிறார்.

ஆமாம், அதே க்ளெமென்ற். ஒருகொடவத்தை லொறி டிப்போவில் ஆட்களை எடுக்கும் மேனேஜராக இருந்தவர். அந்த நாட்களுக்குப் பிறகு அவரைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை. நான் கதைக்காமல் இருந்ததும் உங்களுக்காகத்தான். ஆனால் நான் ஒன்றையும் மறக்கவில்லை.

நீங்கள் வேலை செய்த கம்பெனியை மூடிவிட, நீங்கள் வேலையில்லாமல் வருஷக்கணக்காக வீட்டில் இருந்துவிட்டு அவரிடம் போனீர்கள். "இவ்வளவு காலம் வீட்டில என்ன செஞ்சீங்க, சமைச்சீங்களா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாராம், அங்கிருந்த பெடியன்கள் சிரித்தார்களாம். பிறகு தோளில் தட்டி, "ஓக்கே போல இருக்கு, திங்கக்கிழமை வந்து பாருங்க" என்றாராம். கொழும்பில் பெரிய மனிதர் ஒருவர் திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்று சொன்னால் அதற்கு இல்லை என்று அர்த்தம் என்பது நம் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமையே கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, ஒழுங்கை முழுவதற்கும் பணிஸ் பங்கிட்டு, நன்றி சொல்லி முடித்துவிட்டோம். வேலையைக் கையில் வாங்க முன்னமே நன்றி சொன்ன குடும்பம் கொட்டாஞ்சேனையில் எங்களைத் தவிர வேறு இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனீர்கள். ஒவ்வொரு திங்களும் வாசலில் அதே வாங்குப் பலகையில் இருத்தி, பின்னேரம் "அடுத்த கிழமை பார்ப்பம்" என்று அனுப்பினார். பணிஸ் சாப்பிட்ட சனம் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்கும் என்பதற்காக மற்ற நாட்களிலும் வெளிக்கிட்டுப் போய், முகத்துவாரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு பொழுதுபட வருவீர்கள். உங்கள் காற்சட்டை மடிப்பில் இருந்த மணலை நான்தான் உதறினேன். ஒரு "இல்லை" சொல்லியிருந்தால் வேறு இடம் தேடியிருப்பீர்கள். அந்த மனிதர் அதைக்கூடத் தரவில்லை. கடைசியில் கட்டாருக்கு செக்கியூரிட்டி வேலைக்கு ஏறினீர்கள், மிதுனா எயார்போட்டில் அழவே இல்லை, வீட்டுக்கு வந்து பாத்ரூமில் அழுதாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். எங்கள் ஸ்டோரில் இளம் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள். ஆள் இல்லை என்று முதலாளி தலையில் கை வைத்தபோது, நீண்ட காலம் வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்களை எடுத்துப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். அப்படியானவர்கள் உதவமாட்டார்கள் என்றார். எடுக்கும் பொறுப்பை என்னிடம் தாருங்கள், சரிவராவிட்டால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். தந்துவிட்டார்.

முதலில் வந்தவள் பைறோஸா. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துப் பார்த்தே வயது போனவள். முதல் நாள் காலையில் நன்றாக வேலை செய்தாள், மத்தியானம் காணாமல் போய்விட்டாள். தேடி வீட்டுக்குப் போனேன். வேலை கஷ்டமில்லை, சாப்பாட்டு நேரத்தில் யாரோடு போய் இருப்பது என்று தெரியவில்லை, வெட்கத்தில் பஸ் ஏறிவிட்டேன் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உங்கள் நினைவும் வந்தது. அன்றிலிருந்து புதிதாக வருகிற எவரையும் முதல் கிழமை தனியாகச் சாப்பிட விடுவதில்லை, முன்னர் அப்படி வந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விடிய எழும்பவே உடம்பு மறந்திருக்கும் என்பதால் தொடக்கத்தில் அரை நாள் வேலைதான். இத்தனை காலம் என்ன செய்தீர்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது. உண்டா இல்லையா என்பதை அன்றைக்கே, முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இதையெல்லாம் எந்த கோர்ஸிலும் படிக்கவில்லை. உங்களைப் பார்த்துப் படித்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, றிசெப்ஷனில் இருக்கும் நதீஷா ஒரு பெயரைச் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் டிப்போ வாசலில் தூரத்தில் கண்ட க்ளெமென்ற்தான். தலை முழுக்க நரை. பெற்றோல் வரிசைக் காலத்தில் டிப்போ பாதிக்கு மேல் ஆட்களை நிறுத்தியபோது இவரையும் நிறுத்திவிட்டார்களாம், அதிலிருந்து வேலையில்லை. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நான் உங்கள் மனைவி என்று அவருக்குத் தெரியாது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, ஷெல்டன். பொய் சொல்லமாட்டேன், கல்யாணப் பதிவன்றுகூட அப்படிக் குளிரவில்லை.

நன்றாகக் கதைத்தேன், பிளேன்டீ கொடுக்கச் சொன்னேன். எழும்பும்போது அவருடைய வார்த்தைகளிலேயே சொன்னேன், "ஓக்கே போல இருக்கு, திங்கக்கிழமை வந்து பாருங்க." அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து ரசித்தேன்.

வந்தார். இருத்தினேன். பின்னேரம் அனுப்பினேன். திரும்பவும் வந்தார். நதீஷா என்னிடம், "பவ் நே மிஸ், அந்த அங்கிள் பாவம்" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், சேர்ட் கொலரின் உட்பக்கம் நைந்திருந்தது. அதைப் பார்த்தும் மனம் இளகவில்லை. உங்கள் கொலரும் அப்படித்தான் நைந்தது.

பைறோஸாதான் கடைசியில் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "எனக்கு அண்டைக்கே சொன்னீங்க தானே அக்கா, இந்த மனிசன மட்டும் ஏன் இழுத்தடிக்கிறீங்க?" என்று கேட்டாள். உங்களை நினைத்துப் போட்ட சட்டத்தை உங்கள் பெயரைச் சொல்லி நானே உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக வருந்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க ஆசைதான்.

அவரை உள்ளே கூப்பிட்டேன். நான் யார் என்று தெரியுமா, ஷெல்டனின் மனைவி என்றேன். அவர் நடுங்குவார், காலில் விழுவார், ஏதாவது பொய் சொல்வார் என்று எத்தனை வருஷமாக நினைத்து வைத்திருந்தேன். அவர் யோசித்தார், உண்மையாகவே யோசித்தார். பிறகு, "எந்த ஷெல்டன் மிஸிஸ்? கிழமைக்கு எத்தனையோ பேர் வந்தாங்க" என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், வாங்கு, சிரித்த பெடியன்கள், எல்லாம். "தெரியாம ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார். அவருக்கு நினைவே இல்லை. எங்கள் வீட்டை ஆட்டம் காண வைத்துவிட்டு, அந்த மனிதருக்கு உங்கள் முகம்கூட நினைவில்லை! எனக்கு அவ்வளவு கோபம்.

அன்றைக்கே அவருக்கு வேலை கொடுத்தேன். இரக்கப்பட்டு அல்ல, அதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். என்ன வேலை தெரியுமா? திங்கட்கிழமைகளில் வேலை கேட்டு வருபவர்களிடம் முடிவைச் சொல்லும் வேலை. வாங்கில் இருப்பவரிடம் இவர் எழும்பிப் போக வேண்டும், பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், உண்டு அல்லது இல்லை என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். முதல் திங்கள் உங்கள் வயது மனிதர் ஒருவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர், கழுவுமிடத்தில் நெடுநேரம் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நன்றாக நிற்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு திங்களும் நிற்கட்டும். ஓய்வு பெறும் வரை சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

இனி உங்கள் விஷயம். வார்ஃப் கிளார்க் ஆளை எடுப்பது நானில்லை, முதலாளியும் சுங்கப் பக்கம் பார்க்கிற இஸ்ஸதீன் நானாவும். என் சிபாரிசு உங்களுக்குக் கிடையாது, நீங்கள் அதை விரும்பவும் மாட்டீர்கள். ஆனால் அந்த வேலையில் உங்களோடு போட்டி போட எவனாவது பிறந்து வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கொஞ்சக் காலமாக உங்கள் டியூட்டி நேரத்தில் போன் எடுத்தால் முதல் மணியிலேயே பேசுகிறீர்கள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பைறோஸாவின் மச்சானும் உங்களை உச்சி வெயிலில் கோர்னிஷ் கடற்கரையில், கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது கண்டதாகச் சொன்னார், நன்றாக உடுத்தியிருந்தீர்களாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். மிதுனாவிடமும் சொல்லவில்லை.

வந்துவிடுங்கள். ஒழுங்கை சனத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு திங்கட்கிழமை நீங்கள் எங்கள் ஸ்டோருக்கு வர வேண்டும். அந்த மனிதர் எழும்பி உங்களிடம் நடந்து வந்து, எல்லாருக்கும் கேட்க "மிஸ்டர் ஷெல்டன்" என்று கூப்பிட வேண்டும். அதைக் கேட்க நான் கதவடியில் நிற்பேன்.

உங்கள்,
பேர்ணடெற்